17 பாத்திரங்கள், ஒரே நடிகர்: ஓராள் நீதி நாடகம் என்றால் என்ன?

தன்பாட்டுக்கு நடந்துபோய்க்கொண்டிருக்கும் ஒருவனை மரணம் நேரில் வந்து மறிக்கிறது. எங்கே இவ்வளவு உல்லாசமாகக் கிளம்பிவிட்டாய், உன்னைப் படைத்தவனை மறந்துவிட்டாயா என்று கேட்கிறது. கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொள், இன்றைக்கே புறப்பட வேண்டும் என்கிறது. அவன் ஆயிரம் பவுண்டு தருகிறேன், இன்னொரு நாள் வா என்று பேரம் பேசிப் பார்க்கிறான். மரணம் மசியவில்லை. பன்னிரண்டு வருடமாவது கொடு என்று கெஞ்சுகிறான், அதற்கும் இல்லை. சரி, துணைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறான். வருவதற்குத் துணிச்சல் உள்ளவர் யாராவது இருந்தால் தாராளமாகக் கூட்டிக்கொள் என்று சொல்லிவிட்டு மரணம் போய்விடுகிறது.

அதற்கப்புறம் அவன் யார் யாரிடம் போய்க் கேட்கிறான், யார் வருகிறார்கள், யார் கையை விரிக்கிறார்கள் என்பதுதான் 'எவ்ரிமேன்' என்ற ஆங்கில நாடகம். எழுதி 500 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது, எழுதியவர் பெயர் தெரியாது. தலைப்பில் இருக்கிற எவ்ரிமேன்தான் கதாநாயகனும். பெயருக்கு ஏற்றபடி அவன் யாராகவும் இருக்கலாம், நீங்களாகவும் நானாகவும். கடவுள், மரணம், நண்பன், உறவினர், பணம் எல்லாம் சேர்த்து மொத்தம் 17 பாத்திரங்கள். இத்தனை பேரையும் ஒரே ஆள் மேடையேறி நடித்துக் காட்டுவதும் உண்டு. அந்த ஓராள் வடிவத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை என்றாலும் பரவாயில்லை, அடியிலிருந்தே தொடங்கலாம்.

இடைக்கால ஐரோப்பாவில் கிறிஸ்தவ சமய நாடகங்கள் பொதுவாக மூன்று வகை. உலகப் படைப்பிலிருந்து இறுதித் தீர்ப்பு வரைக்கும் விவிலியக் கதையை வரிசையாக நடிப்பது ஒன்று. இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் நற்கருணைத் திருவிழாவன்று ஒவ்வொரு கைவினைஞர் சங்கமும் ஒவ்வொரு காட்சியைப் பொறுப்பெடுத்துக்கொண்டு, வண்டியையே மேடையாக்கித் தெருவில் இடம் மாற்றி இடம் மாற்றி நடித்தது. புனிதர்களின் வாழ்க்கையை நடிப்பது இன்னொன்று. மூன்றாவது, நீதி நாடகம். 'எவ்ரிமேன்' இந்த வகைதான். இதில் விவிலியத்தில் வரும் நோவாவும் வரமாட்டார், ஏரோதும் வரமாட்டான். நடுவில் ஒரு சாதாரண மனிதன் நிற்பான், அவனுடைய ஆசைகளும் குணங்களும் சொத்தும் பயமும் ஆட்களாக உருவெடுத்து அவனைச் சுற்றி வந்து நிற்கும், ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். அவன் ஆன்மா எந்தப் பக்கம் சாய்கிறது, கடைசியில் மீள்கிறதா என்பதே கதை.

குணத்துக்கு ஆள் உருவம் கொடுப்பது நமக்கு அந்நியமான உத்தி இல்லை. 11ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணமிசிரர் எழுதிய 'பிரபோத சந்திரோதயம்' என்ற வடமொழி நாடகத்தில் விவேகமும் மோகமும் இரண்டு அரசர்களாகப் படை திரட்டி மோதுகிறார்கள். இந்த உத்தி ஐரோப்பாவில் நாடகமாகப் பரவியதற்குப் பின்னால் இரண்டு காரணங்கள் இருந்தன. 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் என்ற திருச்சபைக் கூட்டம், விவரம் தெரியும் வயதை அடைந்த ஒவ்வொரு கிறிஸ்தவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் தன் பாவங்களை அறிக்கையிடுவது, செய்ய வேண்டும் என்று விதித்தது. அப்படியென்றால் எது பாவம், எப்படி மனம் வருந்துவது என்பதைப் படிக்கத் தெரியாத மக்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டுமே. அப்புறம் 1348இல் இங்கிலாந்துக்குள் கொள்ளை நோய் நுழைந்தது. காலையில் நல்லாயிருந்தவர் சில நாட்களில் இல்லாமல் போவதை ஊர் ஊராகப் பார்த்த தலைமுறைகளுக்கு, மரணம் திடீரென்று எதிரில் வந்து நிற்கும் காட்சியை விளக்கத் தேவையே இருந்திருக்காது.

ஆங்கிலத்தில் இந்த வகையில் கிடைத்திருக்கும் பழைய நாடகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். 1425 வாக்கில் எழுதப்பட்ட 'விடாமுயற்சிக் கோட்டை' 3,600 வரிகளுக்கு மேல் போகிறது. அதன் கையெழுத்துப் பிரதியில் மேடை அமைப்பின் வரைபடமே இருக்கிறது. நடுவில் கோட்டை, கோட்டைக்கு அடியில் மனிதன் பிறந்து சாவதற்கு ஒரு கட்டில், சுற்றிலும் கடவுளுக்கும் உலகத்துக்கும் உடலாசைக்கும் சாத்தானுக்கும் பேராசைக்கும் தனித்தனி மேடைகள். 1470 வாக்கில் வந்த 'மேன்கைண்ட்' இதற்கு நேர்மாறாக சின்னஞ்சிறு குழு ஆடக்கூடியது. அதில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். டிட்டிவில்லஸ் என்ற பேயைப் பார்க்க எல்லோரும் ஆவலாக இருக்கும் நேரத்தில் நடிகர்கள் ஆட்டத்தை நிறுத்தி, காசு போட்டால்தான் பேய் வரும் என்று கூட்டத்துக்குள் இறங்கி வசூல் செய்வார்கள். இந்த நாடகங்கள் பார்வையாளரை எவ்வளவு நெருக்கமாக வைத்திருந்தன என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஓராள் நாடகத்துக்கு அந்த நெருக்கம் மிகவும் முக்கியம், அதனால்தான் சொல்கிறேன்.

'எவ்ரிமேன்' 'விடாமுயற்சிக் கோட்டை'யைவிட மிகச் சின்னது. 900 வரிகளுக்குச் சற்று மேல். டச்சு மொழியில் 1495 வாக்கில் அச்சான 'எல்கர்லைக்' என்ற நாடகத்தின் ஆங்கில வடிவம் இது என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் அச்சானது.

சரி, கதைக்கு வருவோம். எவ்ரிமேன் முதலில் தோழமையிடம் போகிறான். தோழமை அவன் முகவாட்டத்தைப் பார்த்துப் பதறி, நீ நரகத்துக்கே போனாலும் உன்னைக் கைவிட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறான். உண்மையிலேயே அந்த மாதிரி ஒரு பயணம்தான் என்று தெரிந்ததும் பின்வாங்குகிறான். சாப்பிடக் கூப்பிடு வருகிறேன், குடிக்கக் கூப்பிடு வருகிறேன், யாரையாவது கொலை செய்ய வேண்டுமா அதற்குக்கூடக் கைகொடுக்கிறேன், இதற்கு மட்டும் கூப்பிடாதே என்கிறான். அப்படியானால் ஊர் எல்லை வரைக்குமாவது வா என்று எவ்ரிமேன் கேட்கிறான். புது அங்கி வாங்கிக் கொடுத்தாலும் ஓரடிகூட எடுத்து வைக்க மாட்டேன் என்று பதில் வருகிறது. அடுத்து உறவுக்காரர்கள். அவர்களில் ஒருவன், கால் விரலில் தசை பிடித்துக்கொண்டிருக்கிறது, என்னால் வர முடியாது என்கிறான். இவ்வளவு கனமான நாடகத்தில் இப்படி ஓர் அற்பக் காரணத்தை வைத்தவர் மனிதர்களை நன்றாகக் கவனித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு செல்வம். பெட்டியிலும் மூட்டையிலும் அடைபட்டு மூலையில் குவிந்து கிடப்பதால் அசையவே முடியாமல் கிடந்த இடத்திலிருந்தே பேசுகிறது. நீ என்னுடையதுதானே என்கிறான் இவன். இல்லை, கொஞ்ச காலத்துக்கு உனக்குக் கடனாக வந்தவன் நான், நீ போன பிறகு இன்னொருவனை இதே மாதிரி ஏமாற்றப் போகிறேன் என்கிறது அது. கடைசியில் நற்செயலிடம் போகிறான். நற்செயல் குளிர்ந்த தரையில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள், அவனுடைய பாவங்கள் அவளைக் கட்டிப்போட்டிருக்கின்றன. வர ஆசைதான், நிற்கக்கூடத் தெம்பில்லை என்கிறாள்.

பட்டினத்தாரைப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் உடலே சிலிர்க்கும். பொருளும் வாழ்வும் வீட்டோடு நின்றுவிடும், அழும் பெண்கள் வீதியோடு நின்றுவிடுவார்கள், பிள்ளைகள் சுடுகாட்டோடு, "பற்றித் தொடரும் இருவினைப் புண்ணியம் பாவமுமே" என்று அவர் நான்கு வரியில் சொன்னதை இந்த நாடகம் 900 வரியில் நடத்திக் காட்டுகிறது. யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று யோசிக்க வேண்டாம், அப்படி ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் இந்தக் கதையின் வேர் கீழ்த்திசையில்தான் இருக்கிறது. பர்லாம், ஜோசபத் என்ற இரு துறவிகளின் கதை இடைக்கால ஐரோப்பாவில் பெரும் புகழ் பெற்றிருந்தது. அது புத்தரின் வாழ்க்கை வரலாறு அரபி, ஜார்ஜியன், கிரேக்கம், லத்தீன் என்று மொழி மாறி மாறிக் கிறிஸ்தவப் புனிதர் கதையாக உருமாறிய ஒன்று. ஆபத்தில் இரண்டு நண்பர்கள் கைவிட, அலட்சியப்படுத்தப்பட்ட மூன்றாவது நண்பன் மட்டும் கூட வருகிற உவமை அதில் உண்டு. 'எவ்ரிமேன்' கதையின் கரு அதுதான்.

நாடகத்தின் இரண்டாம் பாதியில் ஞானம் என்பவள் வந்து அவனைக் கைப்பிடித்து அழைத்துப்போகிறாள். அவன் பாவசங்கீர்த்தனம் செய்கிறான், தன்னைத்தானே சாட்டையால் அடித்துக்கொண்டு தவமுயற்சி செய்கிறான், உடனே நற்செயல் எழுந்து நடக்கத் தொடங்குகிறாள். அழகு, வலிமை, விவேகம், ஐம்புலன் என்று நான்கு புதுத் துணைகள் சேருகின்றன. அவன் குருவானவரிடம் போய், சாகும்முன் தரப்படும் சடங்குகளான கடைசி அருட்சாதனங்களைப் பெற்றுத் திரும்புகிறான். கல்லறைக் குழியைப் பார்த்ததும் முதலில் அழகு ஓடுகிறது, பிறகு வலிமை, விவேகம், கடைசியாக ஐம்புலன். ஞானம் குழியின் விளிம்பு வரைக்கும் நிற்கிறாள். நற்செயல் மட்டும் அவனோடு உள்ளே இறங்குகிறாள்.

16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த மதச் சீர்திருத்தம் வந்து, அருட்சாதனங்களை நம்பி நின்ற இந்த வகை நாடகங்கள் மெல்ல மேடையிலிருந்து மறைந்தன. 1901இல் வில்லியம் போயல் என்பவர் லண்டனின் சார்ட்டர்ஹவுஸ் முற்றத்தில் 'எவ்ரிமேன்' நாடகத்தை மறுபடி மேடையேற்றினார். நூலகப் பொருளாகக் கிடந்தது அன்றைக்குத்தான் திரும்பவும் நாடகமானது என்று சொல்லலாம். அதை ஒட்டி அமெரிக்காவில் நடந்த சுற்றுப்பயணத்தில் எவ்ரிமேனாக நடித்தவர் இடித் வின் மத்திசன் என்ற பெண். இதே கதையை ஜெர்மன் மொழியில் ஹியூகோ ஃபான் ஹோஃப்மன்ஸ்தால் எழுதிய 'யேடர்மன்' 1920 முதல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் விழாவில் பேராலயத்தின் முன்னால் நடக்கிறது. விருந்தில் உட்கார்ந்திருக்கும் நாயகனின் பெயரைச் சொல்லிச் சுற்றியுள்ள கோபுரங்களிலிருந்தெல்லாம் குரல்கள் கூப்பிடும், அவனுக்கு மட்டும்தான் கேட்கும்.

இப்போது நம் விஷயம். ஓராள் நாடகம் என்று நாம் சொல்வதில் பல ரகம் உண்டு. ஒரே பாத்திரம் தன் கதையைத் தானே சொல்வது எளிது. கதை சொல்பவராக நின்று, நடுநடுவே பாத்திரமாக மாறுவது இன்னொன்று. கதாகாலட்சேபம் கேட்டவர்களுக்கு இது பழக்கம்தான், பாகவதர் ஒரு கணம் அனுமனாக இருப்பார், அடுத்த கணம் ராவணனாக உறுமுவார், உடனே தன் குரலுக்குத் திரும்பி விளக்கம் சொல்வார். 1978இல் அலெக் மெக்கோவன் என்ற ஆங்கில நடிகர் மாற்கு நற்செய்தி முழுவதையும் மனப்பாடமாகத் தனியாக மேடையில் நிகழ்த்திப் பெரும் பெயர் வாங்கியதும் இந்த ரகம்தான். நற்செய்தியில் கதை சொல்லும் குரல் ஒன்று கூடவே வருகிறது, "இயேசு அவனை நோக்கி" என்று ஒரு சொல் விழுந்தால் போதும், யார் பேசுகிறார் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். நீதி நாடகத்தில் அந்த வசதி கிடையாது. தொடக்கத்தில் ஒரு தூதன் வந்து முன்னுரை சொல்கிறான், முடிவில் மறைவல்லுநர் என்ற ஒரு சமய அறிஞர் வந்து பேசுகிறார், நடுவில் முழுக்க உரையாடல். யார் பேசுகிறார் என்பதை நடிகரின் உடம்புதான் சொல்லியாக வேண்டும்.

அப்படியிருக்க ஏன் தனியாக நடிக்க வேண்டும்? சிறு குழுக்கள் ஒரே நடிகருக்கு இரண்டு மூன்று வேடம் கொடுப்பது இந்த நாடகங்களின் காலத்திலேயே வழக்கம், அதன் கடைசி எல்லை ஓராள் வடிவம் என்று ஒரு பதில் உண்டு. அது சரிதான், ஆனால் போதாது. என் பார்வையில் உண்மையான காரணம் நாடகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. முதல் பாதியில் எவ்ரிமேனைக் கைவிடுபவர்கள் வெளியே இருப்பவர்கள், நண்பன், உறவு, பணம். இரண்டாம் பாதியில் விட்டுப் போகிறவை அவனுக்குள்ளேயே இருப்பவை, அழகு, வலிமை, விவேகம், ஐம்புலன். ஆகவே முதல் பாதியில் ஒரே நடிகர் என்பது பெரிய சங்கடம், இரண்டாம் பாதியில் அதுவே பெரிய பலம். இதைப் புரிந்துகொண்டால் ஒரு நிகழ்ச்சி நன்றாக வந்ததா இல்லையா என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

முதல் பாதியின் சங்கடத்தைப் பாருங்கள். குழுவாக நடிக்கும்போது தோழமை முதுகைக் காட்டிக்கொண்டு வெளியேறுவதைக் கண்ணால் பார்க்கிறோம், வயிற்றில் ஏதோ செய்கிறது. தனி நடிகர் தோழமையாகப் பேசி முடித்தபின் யாரும் எங்கேயும் போவதில்லை, அதே ஆள் அதே இடத்தில் நிற்கிறார். பிரிவைக் காட்ட வழி என்ன? நல்ல நடிகர்கள் கண்ணை வைத்துச் செய்கிறார்கள். தனி நடிப்பில் எதிரில் இருப்பவரை உண்டாக்குவதே பார்வைதான். பேசுகிறவரைவிடக் கேட்கிறவர் எங்கே பார்க்கிறார் என்பதை வைத்துத்தான் நம் மனம் அங்கே ஓர் ஆளை நிறுத்துகிறது. ஆகவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு திசையும் உயரமும் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருக்கும். கடவுள் மேலே. செல்வமும் நற்செயலும் கிடப்பவர்கள், அதனால் பார்வை தரைக்குப் போகும். மரணம் இவன் கண் மட்டத்துக்குச் சற்று மேலே, எப்போதும் ஒரே புள்ளியில்.

தோழமைக் காட்சியில் முதலில் எவ்ரிமேனின் பார்வை கையெட்டும் தூரத்தில் விழுகிறது, தோளில் கைபோடும் நெருக்கம். "நரகத்துக்கே வருகிறேன்" என்ற வாக்கும் அந்தத் தூரத்திலிருந்துதான் வருகிறது. பயணம் என்னவென்று தெரிந்ததும் தோழமையாகப் பேசும் நடிகர் அரையடி பின்னால் சாய்கிறார், அவ்வளவுதான். அடுத்து எவ்ரிமேனாகத் திரும்பும்போது அவர் பார்க்கிற இடம் இரண்டடி தள்ளிப்போயிருக்கிறது, குரல் சற்று உயர்ந்திருக்கிறது. அடுத்த பேச்சுக்கு இன்னும் தள்ளி. ஊர் எல்லை வரைக்குமாவது வா என்று கெஞ்சும்போது அரங்கத்தின் கடைசி வரிசையைப் பார்த்துக் கூப்பிடுகிறார், புது அங்கியைப் பற்றிய பதில் தூரத்திலிருந்து கத்துகிற குரலில் வருகிறது. மேடையில் யாரும் அசையவில்லை, ஆனாலும் ஒருவன் போய்விட்டான் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

குரலைப் பற்றித் தொடக்கநிலையில் எல்லோருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கும். 17 பேருக்கு 17 குரல் வேண்டும் என்று நினைப்பார்கள், ஒருவருக்குக் கீச்சுக்குரல், ஒருவருக்குக் கட்டைக்குரல் என்று போனால் பத்து நிமிடத்தில் பலகுரல் நிகழ்ச்சி ஆகிவிடும், நாடகம் காணாமல் போகும். தாளத்தை மாற்றுவது அதைவிட நம்பகமான வழி. மரணம் அவசரப்படாது, அதற்கு நேரம் இருக்கிறது. எவ்ரிமேன் மூச்சு வாங்கப் பேசுவான், அவனுக்கு இல்லை. உறவினர்கள் வாக்கியத்தை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுவார்கள். 1151 வாக்கில் பிங்கனின் புனித ஹில்டகார்ட் என்ற ஜெர்மன் பெண் துறவி எழுதிய இசை நாடகத்தில் நற்குணங்கள் எல்லாம் பாடும், சாத்தானுக்கு மட்டும் பாட்டே கிடையாது, அவன் கத்த மட்டும்தான் முடியும். யார் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும் முறையிலேயே காட்டிவிடலாம் என்பதை அவர் அப்போதே கண்டுபிடித்துவிட்டார். ஓராள் நடிகருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

வேடமாற்றத்துக்கும் இதே கதிதான். தொப்பியை மாற்றி மாற்றிப் போடுவது முதலில் உதவுவது போலத் தெரியும், அப்புறம் கண் தொப்பியையே பார்க்கத் தொடங்கிவிடும். ஒன்றிரண்டு பொருள் போதும். அவற்றில் கணக்குப் புத்தகம் கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன், ஏனென்றால் நாடகம் முழுக்க அதைச் சுற்றித்தான் ஓடுகிறது. முதலில் அவன் அதைத் திறக்கவே பயப்படுகிறான். பிறகு திறந்தால், நற்செயல் பக்கத்தில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. கடைசியில் அதைக் கையில் ஏந்திக்கொண்டு குழிக்குப் போகிறான். ஒரே பொருளைக் கையாளும் விதம் மூன்று முறை மாறினால், அந்த மனிதன் மாறியது பேச்சில்லாமலே புரியும்.

சாட்டையடிக் காட்சியில்தான் ஓராள் நாடகம் குழு நாடகத்தைத் தாண்டிப் போகிறது. எவ்ரிமேன் தன்னையே அடித்துக்கொள்வதாகத்தான் மூலத்திலேயே இருக்கிறது. குழுவில் நடிக்கும்போது சுற்றி நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதனால் ஒரு தண்டனை போன்ற தோற்றம் வந்துவிடும். தனியாக நடிக்கும்போது அடிப்பவரும் அடிபடுபவரும் ஒருவர்தான், வேறு சாட்சி நாம் மட்டும். அந்தக் காட்சி முடிவதற்குள் தரையில் கிடந்த நற்செயல் எழுந்தாக வேண்டும், அதாவது அடித்துத் தளர்ந்த அதே உடம்பு நிமிர வேண்டும். ஒருவன் தவம் செய்ய, அவனுக்குள்ளிருந்த நன்மை எழுந்து நிற்கிறது என்ற சமயக் கருத்தை இவ்வளவு நேரடியாக வேறு எப்படியும் காட்ட முடியாது. இன்றைய பார்வையாளருக்குச் சங்கடமாக இருக்கும் என்று இதை வெட்டிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இதை எடுத்துவிட்டால் நற்செயல் எதனால் எழுந்தாள் என்பதற்குக் காரணமே இல்லாமல் போய்விடும்.

கல்லறைக் காட்சியில் நான்கு துணைகளும் போகும்போது நடிகருக்கு எதிரில் யாரையும் கற்பனையாக நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. எல்லாம் தன் உடம்பிலேயே நடக்கிறது. அழகு போகிறேன் என்று சொல்லி முடிக்கும்போது முகத்தசை தளர்கிறது. வலிமை போகும்போது முழங்கால். விவேகம் போனபின் அடுத்த வாக்கியத்தைத் தேடிப் பிடிக்கச் சிரமப்படுகிறார். ஐம்புலன் போகும்போது கண் எதிலும் நிலைக்காமல் அலைகிறது, நாம் இருக்கிற திசையே அவருக்குத் தெரியவில்லை. ஒரு முழு முதுமையும் சாவும் சில நிமிடங்களில் நம் கண்ணெதிரே நடந்துவிடுகிறது. வயதான பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இந்தக் காட்சியைச் சும்மா பார்த்துவிட்டு எழுந்து போக முடியாது. நான்கு நடிகர்கள் வரிசையாக வெளியேறும்போது இந்த வலி இப்படி வருவதில்லை, அது பிரியாவிடை போலத்தான் தெரியும்.

வெட்ட வேண்டிய இடம் என்று பார்த்தால், எவ்ரிமேன் அருட்சாதனம் பெறப் போயிருக்கும் நேரத்தில் ஐம்புலனும் ஞானமும் குருத்துவத்தைப் பற்றிப் பேசும் நீண்ட பகுதிதான் முதலில் நினைவுக்கு வரும். கதாநாயகனே மேடையில் இல்லாத பகுதி என்பதால் தனி நடிகருக்கு இரட்டிப்புச் சிரமம். சுருக்கலாம், தப்பில்லை. ஆனால் அருட்சாதனங்களைக் காசுக்கு விற்கும் கெட்ட குருக்களை ஞானம் கண்டிக்கும் சில வரிகளை விட்டுவிடக் கூடாது. திருச்சபையை இவ்வளவு நம்பி எழுதப்பட்ட நாடகம் அதன் குறையையும் மறைக்காமல் பேசுகிறது என்பது அந்த வரிகளால்தான் தெரிகிறது. நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் இருவருமே இந்த நாடகத்தை மதிப்பதற்கு அந்த நேர்மையும் ஒரு காரணம்.

முடிவுரையில் இன்னொரு சிக்கல். எவ்ரிமேன் இறந்தபின் வானதூதர் வந்து அவன் ஆன்மாவை வரவேற்கிறார், அதற்கும் பிறகு மறைவல்லுநர் வந்து பார்வையாளர்களிடம் நேரடியாகப் பேசுகிறார். இப்போதுதான் செத்து விழுந்த நடிகர் எழுந்து நின்று இதைச் சொல்ல வேண்டுமா? சிலர் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடுகிறார்கள், சிலர் வானதூதரோடு நிறுத்திவிடுகிறார்கள். எழுந்து நின்று பேசுவதுதான் சரி என்பது என் கட்சி. மூச்சு இன்னும் இரைத்துக்கொண்டிருக்கும்போதே, எந்தக் குரல் மாற்றமும் இல்லாமல், நடிகர் தன் சொந்தக் குரலில் அந்தச் சில வரிகளைச் சொன்னால் போதும். நீதி நாடகம் நம்மிடம் நேராகப் பேசுவதற்காக எழுதப்பட்டது, அதை மறைக்கப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

படித்துப் பார்க்க ஆசை வந்திருந்தால், மூல நாடகம் காப்புரிமை இல்லாதது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய எழுத்துக்கூட்டலைத் திருத்திய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், மௌனமாகப் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நடித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் மரணத்திலிருந்து தொடங்காதீர்கள், அது ரொம்பக் கனமான காட்சி, உடனே குரலை உயர்த்தத் தோன்றும். உறவினர் காட்சி நல்ல தொடக்கம். மூன்றே பேர், பேச்சு வேகமாக ஓடும், கால் விரல் பிடிப்பு என்று சாக்குச் சொல்லும் இடத்தில் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எவ்ரிமேனாகத் திரும்பி, அதை நம்பிக் கேட்ட முகத்தைக் காட்ட வேண்டும். திரும்பும் நேரத்தில் கண் முதலில் போகட்டும், தலை அப்புறம், பேச்சு கடைசியில். இந்த வரிசை கைவந்துவிட்டால் தோழமைக் காட்சிக்குப் போகலாம்.